மஞ்சள் போர்டும் தோல் படமும்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் காலை ஆறரைக்கு இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஷூ கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே டீயை முடித்துவிட்டு ஓடுவார்கள். அவர்களை ஏற்றிப்போகும் வேன் டிரைவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஆற அமரக் குடிப்பார்கள். இரண்டிலும் சேராத எனக்கு அந்தப் பெஞ்சின் ஓரத்தில் ஓர் இடம் உண்டு.

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இத்தனை நாள் கம்பெனி வேன் ஓட்டியவன், இப்போது லோன் போட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். ஷூ கம்பெனிகளுக்கு பையர்கள் வருவார்கள், சென்னை ஏர்போர்ட்டுக்கும் பெங்களூருக்கும் ஓட்டம் கிடைக்கும் என்ற கணக்கு. ஸ்டிக்கர் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை என் கையில் வைத்தான். கதவில் டிராவல்ஸ் பெயர், பெரிய எழுத்தில். முன் கண்ணாடியில் ‘ஆன் டியூட்டி’. நாலு கதவுக் கண்ணாடிக்கும் கறுப்பு பிலிம். நம்பர் பிளேட் ‘ஸ்டைல் எழுத்து’, ஓரத்தில் வேல் படம். பின் கண்ணாடியில் குலதெய்வம்.

“இதுல எதை எதைண்ணே போலீஸ் புடிப்பாங்க?”

“வண்டி ஒயிட் போர்டா, டி போர்டா?”

“ஒயிட் போர்டுதான். கொஞ்ச நாள் அப்படியே ஓட்டிப் பாக்கலாம்னு…”

இன்னொரு டீ சொன்னேன். ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை.

நீ ஷூ கம்பெனிக்கு வண்டி ஓட்டினவன்தானே தம்பி, ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவில் ஒட்டுகிற சின்ன லேபிளைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். விரித்துப் போட்ட தோல் மாதிரி ஒரு படம், வலை மாதிரி ஒன்று, சாய்சதுரம் ஒன்று. தோல் படம் இருந்தால் தோல், வலை என்றால் துணி, சாய்சதுரம் என்றால் வேறு ஏதோ. மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் மூன்றுக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டது. அந்தப் பாகத்தில் எண்பது சதவீதமாவது எந்தப் பொருளோ, அதன் படம். பிராண்ட் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் நகத்தளவு தோல் படம் பொய் சொல்லக் கூடாது.

வாடகைக் காரில் அந்தத் தோல் படம் எது? நம்பர் பிளேட்தான். மற்றதெல்லாம் பிராண்ட்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஐம்பதாவதும் ஐம்பத்தொன்றாவதும் இதைச் சொல்கின்றன. சொந்தக் கார் வெள்ளையில் கறுப்பு எழுத்து. வாடகை வண்டி, அதாவது டி போர்டு, மஞ்சளில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுக்கிற கார் கறுப்பில் மஞ்சள் எழுத்து. பேட்டரி வண்டிக்குப் பச்சைப் பின்னணி. அதிலும் சொந்த வண்டியானால் எழுத்து வெள்ளை, வாடகை வண்டியானால் மஞ்சள். காருக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. எழுத்து ஆங்கிலம், எண் நாம் எல்லோரும் எழுதுகிற 1, 2, 3. ஸ்டைல் எழுத்து, படம், பெயர் எதுவும் கூடாது. தமிழில் எழுதினால் என்ன என்று எனக்கும் ஒரு காலத்தில் ரோஷம் வந்ததுண்டு. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஒரு நாள் நின்ற பிறகு அது அடங்கிவிட்டது.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் ரயில் ரயிலாக ஆட்கள் அந்த ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்காக ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வங்காளி எழுத்தில் போர்டு இருக்கும். அன்றைக்கு ஒரு பெரியவர், மனைவியை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் பின்னால் சுற்றி வந்தார். குனிந்து நம்பர் பிளேட்டைப் போனில் படம் எடுத்து ஊரில் இருக்கிற மகனுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏறினார். ஆட்டோவின் முதுகில் தலைவர் படம், நடிகர் படம், சங்கத்தின் பெயர் என்று இடமில்லாமல் இருந்தது. அதில் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. பார்த்தது மஞ்சள் நிறத்தையும் நான்கு இலக்கத்தையும்.

அந்த மஞ்சளுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று பையன் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். வண்டிக்கு வாடகை பெர்மிட் இருக்கிறது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டியாக வேண்டும். ஒயிட் போர்டுக்கு முதல் பதினைந்து வருஷம் அந்தத் தொல்லை கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம் இன்ஷூரன்ஸ். சொந்தக் கார் பாலிசியில் ‘கூலிக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கும். வாலாஜா டோல்கேட் தாண்டி ஏதாவது ஆகி, பின் சீட்டில் இருந்தவர் ‘காசு கொடுத்துத்தான் வந்தேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த வரியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வரும். லோன் உன் தலையில், வண்டி மெக்கானிக் ஷெட்டில். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே பத்தாயிரம். ஆறு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

“வாடகை வண்டி ஓட்ட பேட்ஜ்கூட வேணாம்னு ஆயிடிச்சேண்ணே?” உண்மைதான். சாதாரண கார் லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்குக் கீழான வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. அது டிரைவருக்குக் கிடைத்த சலுகை. வண்டிக்கு இல்லை.

சீட்டுக்கு வந்தோம். ‘ஆன் டியூட்டி’ எதற்கு என்றேன். “டோல்ல, செக்கிங்ல ஒரு மரியாதை.” அந்த மரியாதைதான் வம்பு. 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்து போலீஸ் ‘போலீஸ்’, ‘பிரஸ்’, ‘அட்வகேட்’ மாதிரி ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போட ஆரம்பித்தது: முதல் தடவை 500, மறுபடியும் மாட்டினால் 1,500. இல்லாத அதிகாரத்தை வண்டிக்கு ஒட்டிக்கொள்ளாதே என்பது அதன் சாரம். வண்டி சென்னைக்குத்தான் அடிக்கடி போகப்போகிறது.

கறுப்பு பிலிமை 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரேயடியாகத் தடுத்தது. பிறகு விதி திருத்தப்பட்டு, அளவுக்குள் இருக்கிற பிலிம் செல்லும் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன், பின் கண்ணாடியில் எழுபது சதவீதம், பக்கக் கண்ணாடியில் ஐம்பது சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். ஸ்டிக்கர் கடைக்காரர் காட்டிய கறுப்பில் உள்ளே இருப்பது ஆளா மூட்டையா என்றே தெரியாது. ஒயிட் போர்டு காரில் அது வெறும் அபராதம். வாடகை வண்டியில் ஏறப்போகிற பெண்ணுக்கு அது பயம். 2022 மார்ச்சில் காட்பாடியில், இரவுக் காட்சி முடிந்து ஷேர் ஆட்டோ என்று நம்பி ஏறிய பெண்ணுக்கு என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உள்ளே பயணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள் பயணிகள் இல்லை.

நிறத்தை நம்பித்தான் ஜனம் ஏறுகிறது. அதனால்தான் பிங்க் ஆட்டோ விவகாரம் எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. 2025 மார்ச் 8 அன்று சென்னையில் பெண்கள் ஓட்ட, அரசு மானியத்தோடு இளஞ்சிவப்பு ஆட்டோக்களை விட்டார்கள். சில மாதங்களில் அதே ஆட்டோவை ஆண்கள் ஓட்டுவதாகப் புகார் வர, வண்டியைப் பறிமுதல் செய்வோம் என்று அரசு எச்சரித்தது. குடும்பத்துக்குள் மாற்றி ஓட்டினால் என்ன என்று டீக்கடையிலேயே ஒருவர் வாதாடினார். பெயிண்ட் அடித்த அன்றைக்கே அந்த வண்டி தெருவில் நிற்கிற பெண்ணிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டது ஐயா, வீட்டுக்குள் பேசி அதை மாற்ற முடியாது என்றேன். அவருக்கு ஒப்பவில்லை.

சிங்கப்பூரில் ஆப் மூலம் மட்டும் ஓட்டுகிற கார்களுக்கு 2017 முதல் முன், பின் கண்ணாடியில் அரசாங்க வில்லை ஒட்டுகிறார்கள். அது இருந்தால் தெருவில் கை காட்டி ஏறக் கூடாத வண்டி என்று அர்த்தம். பிரித்தெடுத்தால் கிழிந்துவிடும், இன்னொரு காரில் ஒட்ட முடியாது. இங்கேயும் அந்த மாதிரி ஒன்று வந்தால் நல்லது என்பது என் ஆசை.

பையன் சீட்டை வாங்கிப் பேனா கேட்டான். ஸ்டைல் எழுத்து, வேல், பிலிம், ஆன் டியூட்டி நான்கையும் அடித்தான். லோன் கொடுத்த கம்பெனியிடம் என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் டி போர்டாக மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தான். குலதெய்வம் மட்டும் இருக்கட்டும், பின்னால் வருகிற வண்டி தெரியாத அளவுக்குக் கண்ணாடியை அடைக்க வேண்டாம் என்றேன்.

எழுந்தவன் திரும்பி வந்தான். “ஆட்டோக்காரங்க ‘பிரசவத்துக்கு இலவசம்’னு எழுதுறாங்களே, அதை எழுதிக்கலாமாண்ணே?”

“எழுதிக்கோ. அதுக்கு யாரும் கேஸ் போட்டு நான் பாத்ததில்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டுவாங்க.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, சீட்டின் அடியில் அதையும் எழுதிக்கொண்டான்.