இரண்டு ஆண்டு கதவடைத்த காடு!

காட்டைப் பார்க்க வேண்டுமானால் ஊரை விட்டு வெகு தூரம் போக வேண்டும் என்று நினைக்கிறோம். சிங்கப்பூரில் அப்படி இல்லை. பஸ்சில் ஏறி இறங்கி, சிறிது தூரம் நடந்தால் காடு! அதில் ஒரு பகுதி, நகரம் பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்கும் ஆதிக் காடு.

அதன் பெயர் புக்கிட் தீமா. பரப்பு சுமார் 400 ஏக்கர். நடுவே உள்ள குன்றின் உயரம் ஏறத்தாழ 537 அடி. "இதுவும் ஒரு மலையா?" என்று நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிங்கப்பூரில் இதை விட உயரமான இடம் கிடையாது!

700 வகை வண்டுகள்

1854-ல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்தார். டார்வினோடு சேர்ந்து பரிணாமக் கொள்கையை உலகுக்குச் சொன்னவர் இவர். சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். அநேகமாக எல்லாமே ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டில் கிடைத்தவை!

1883-ல் இது பாதுகாக்கப்பட்ட காடு ஆயிற்று. சுற்றிலும் கருங்கல் குவாரிகள் வந்தன. 1942 பிப்ரவரியில் பக்கத்திலேயே கடும் போர் நடந்தது. எல்லாவற்றையும் தாண்டிக் காடு பிழைத்தது.

அன்பால் வந்த ஆபத்து

பிறகு வந்த ஆபத்து வேறு. கோடரியால் அல்ல, காலடியால்! விடுமுறை நாள் என்றால் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். எல்லாரும் காட்டை நேசிப்பவர்கள்தான். ஆனால் மிதிபட்ட மண் இறுகிவிடும். மழை நீர் உள்ளே இறங்காது; மேல் மண்ணை வாரிக்கொண்டு ஓடும். மரத்தின் வேர் வெளியே தெரியும். சேறாய்க் கிடக்கும் பாதையை விட்டு மக்கள் ஓரமாக நடப்பார்கள். பாதை அகலும், காடு சுருங்கும்.

என்ன செய்வது? சிங்கப்பூர் துணிந்து ஒரு காரியம் செய்தது. 2014 செப்டம்பரில் காட்டை மூடிவிட்டது! சரிவுகளைப் பலப்படுத்தினார்கள். சில இடங்களில் தரைக்கு மேலே உயர்த்தி நடைபாதை போட்டார்கள். மேலே மனிதன் நடக்கலாம்; கீழே சிறு பிராணிகள் தாராளமாகப் போகலாம். அடிவாரத்தில் உள்ள பார்வையாளர் நிலையத்தையும் புதுப்பித்தார்கள். இடையில் சனி, ஞாயிறுகளில் உச்சிக்குப் போகும் பாதையை மட்டும் திறந்தார்கள். முழுக் காடும் திறந்தது 2016 அக்டோபரில்தான்.

மாட்டுக் கொட்டகை பள்ளிக்கூடமானது

இன்னும் வரும் கூட்டத்துக்கு இடம் வேண்டுமே! அதற்காகக் காட்டுக்குள் கட்டிடம் எழுப்பவில்லை. காட்டைச் சுற்றிப் பூங்காக்களை அமைத்தார்கள். பழைய பால் பண்ணை இருந்த இடத்தில் 2009-ல் ஒரு பூங்கா வந்தது. அங்கிருந்த மாட்டுக் கொட்டகையைச் செப்பனிட்டு, வாலஸ் பெயரில் கல்வி நிலையம் ஆக்கினார்கள். 2022-ல் ரைபிள் ரேஞ்ச் என்ற இன்னொரு பூங்கா திறந்தது. அங்கே பழைய கல் குவாரி நீர்நிலை ஆகிவிட்டது. பூங்காக்களில் கூட்டம் பிரிந்தால், நடுவில் உள்ள காட்டுக்குப் பாரம் குறையும்.

எறும்புத்தின்னிக்குப் பாலம்

1986-ல் வந்த விரைவுச் சாலை ஒன்று, இந்தக் காட்டை அடுத்த பெரிய காட்டிலிருந்து துண்டித்திருந்தது. சாலையைக் கடக்க முயன்ற எறும்புத்தின்னிகள் வண்டியில் அடிபட்டு மாண்டன. 2013-ல் சாலைக்கு மேலே சுமார் 200 அடி நீளத்துக்கு ஒரு பாலம் கட்டினார்கள். அதன் மேல் மண் பரப்பி மரம் நட்டார்கள். மனிதருக்கல்ல, மிருகங்களுக்கு! எறும்புத்தின்னியும் மரநாயும் அதில் நடந்து போவதைக் காமிராக்கள் படம் பிடித்திருக்கின்றன.

நிலம் தங்கத்தை விட விலை உயர்ந்த ஊர் அது. 400 ஏக்கரில் எத்தனை மாடி வீடுகள் கட்டலாம்! ஆனால் வீட்டை நாளைக்கும் கட்டலாம். வாலஸ் பார்த்த காட்டை யாராலும் கட்ட முடியாது. அதற்கு இரண்டு ஆண்டு ஓய்வு கொடுத்தது பெரிய விஷயமா என்ன?