வடக்கே நம் வீட்டு நவராத்திரி

மகாளய அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் தொடங்கி நவமி வரை நவராத்திரி, மறுநாள் விஜயதசமி. முதல் மூன்று நாட்கள் துர்க்கைக்கும், அடுத்த மூன்று லட்சுமிக்கும், கடைசி மூன்று சரஸ்வதிக்கும் உரியவை என்பது நம் வழக்கம். பண்டிகை நாடு முழுவதற்கும் பொது என்றாலும் கொண்டாடும் விதம் ஊருக்கு ஊர் வேறு. வங்காளத்தில் சஷ்டி முதல் தசமி வரை துர்கா பூஜை. குஜராத்தில் இரவெல்லாம் கர்பா நடனம். நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கும் தில்லியில் விரதமும் ராம்லீலாவும். நமக்குக் கொலு.

புதிதாக இங்கே குடிவரும் நம்மவர்கள் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு. "இரண்டு அறை வீட்டில் படி எங்கே கட்டுவது? பொம்மைக்கு எங்கே போவது? வைத்தால்தான் யார் வரப்போகிறார்கள்?" இம்மூன்றுக்கும் என் அனுபவத்தில் கண்ட பதில்களை எழுதுகிறேன். மூன்றாவது கேள்விதான் முக்கியமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படியும் பொம்மையும்

படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது படி கட்டியே தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு தகரப் பெட்டிகள், ஒரு மணைப்பலகை, நாலைந்து தடித்த புத்தகங்கள் இருந்தால் மூன்று படி அமைந்துவிடும். மேலே ஒரு வெள்ளை வேட்டியை மடிப்பில்லாமல் விரித்தால் அடியில் இருப்பது பெட்டியா பலகையா என்று தெரியாது. மேல்படியில் கலசமும் மரப்பாச்சி ஜோடியும் இருந்தால் கொலு பூர்த்தியாகிவிட்டது.

பொம்மைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு மண் பொம்மையைவிடக் காகிதக்கூழ் பொம்மையே உசிதம். எடை குறைவு, ரயில் பயணத்தையும் தாங்கும். மண் பொம்மையானால் பழைய பருத்தித் துணியில் சுற்றி, இடைவெளிகளில் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். பண்ருட்டியிலிருந்தும் மதுரை விளாச்சேரியிலிருந்தும்தான் பொம்மை வரவேண்டும் என்பதில்லை. என் மாமனார் மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் ஆளுக்கொரு பொம்மை வாங்கிச் சேர்த்தார்கள். காசியின் சாயம் பூசிய மரச்செப்புகளும், வங்காளத்துக் கிருஷ்ணநகர் மண் பொம்மைகளும் எங்கள் தசாவதாரத்துக்குக் கீழே நிற்கின்றன. குடும்பம் எந்தெந்த ஊரில் சோறு தின்றது என்பதை எங்கள் வீட்டில் குழந்தைகள் கொலுப்படியைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

சுண்டலும் கஞ்சக்கும்

பஞ்சாபிகளும் மற்ற வட இந்தியர்களும் அஷ்டமி அல்லது நவமி அன்று சிறுமிகளை வீட்டுக்கு அழைத்து, பாதம் கழுவி, அம்மனாகவே பாவித்து உணவளிப்பார்கள். இதைக் 'கஞ்சக்' என்பார்கள். அன்று பரிமாறுவது பூரி, அல்வா, நீர் வற்ற வறட்டிய கறுப்புக் கொண்டைக்கடலை. அந்தக் கடலையைப் பாருங்கள்! தேங்காயும் கடுகும் இல்லையே தவிர, அது நம் சுண்டலுக்கு ஒன்றுவிட்ட தங்கைதான்.

கால் கிலோ கடலையை இரவே ஊறவைத்து, உப்புப் போட்டுக் குக்கரில் வேகவைத்தால் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கையில் கொடுக்கப் போதும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இறக்கும்போது தேங்காய்த் துருவல் சேர்ப்பது உங்களுக்குத் தெரிந்ததே. பயத்தம்பருப்பு, காராமணி, பட்டாணி, மொச்சை என்று தினம் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமையில் வெல்லப் புட்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டார் பலர் இந்த ஒன்பது நாளும் விரதம் இருப்பார்கள். அவர்கள் அரிசி, கோதுமை, பருப்பு வகை, சாதாரண உப்பு எதையும் தொடமாட்டார்கள். அன்போடு நாம் கொடுக்கும் கொண்டைக்கடலைச் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு, சாப்பிட முடியாமல் சங்கடப்படுவார்கள். அவர்களுக்கென்று வேர்க்கடலைச் சுண்டல் செய்யுங்கள். பச்சை வேர்க்கடலையை நாலு மணி நேரம் ஊறவைத்து, இந்துப்பு சேர்த்து வேகவைத்து, நெய்யில் சீரகமும் பச்சைமிளகாயும் மட்டும் தாளித்துத் தேங்காய் தூவினால் போதும். கடுகும் உளுந்தும் வேண்டாம். பெருங்காயமும் வேண்டாம், கடைப் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும். வீட்டுக்கு வீடு விரத விதி வேறுபடுவதால் முன்னதாக ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அப்படிக் கேட்பதிலேயே பாதி நட்பு உண்டாகிவிடும்.

பாட்டு

கொலுவுக்கு வந்தவரைப் பாடச் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் நமக்குக் கிடையாது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் கமலாம்பிகை மீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகள் நாளுக்கொன்றாக இந்த ஒன்பது நாட்களில் பாடப்படுகின்றன. சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஒன்பது நவராத்திரிக் கீர்த்தனைகள் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் ஒலிக்கின்றன. அங்கே எழுந்தருளும் சரஸ்வதி, பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வருபவள். கம்பர் வழிபட்ட மூர்த்தி என்பது ஐதிகம்.

சங்கீதம் கற்காத பிள்ளைகள் என்ன செய்வது? அவர்களுக்குச் 'சகலகலாவல்லி மாலை' இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசிக்குச் சென்றபோது, அங்கிருந்த ஆட்சியாளரிடம் பேச இந்துஸ்தானி மொழி தெரியவேண்டி, கலைமகளை வேண்டிப் பாடியது என்று மரபு சொல்கிறது. பிழைக்க வந்த ஊரின் பாஷைக்காக ஒரு தமிழர் தமிழிலேயே பாடிய பாட்டு! நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு எது? மொத்தம் பத்தே பாடல்கள். பிரதமை முதல் விஜயதசமி வரை நாளுக்கு ஒன்றாகக் கற்றுக் கொடுத்தால் பண்டிகை முடிவதற்குள் பிள்ளைக்கு முழுவதும் பாடமாகிவிடும்.

யாரை அழைப்பது?

எங்கள் வீட்டில் பாட்டு என்றால் என் மாமியார்தான். 1994-ல் மாமனார் காலமானார். அடுத்த ஆண்டு கொலுவில், வெற்றிலை பாக்கு வாங்க மாதர் வரும் நேரத்தில், அம்மா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "வழக்கம் அப்படி, விடு" என்பார். அந்த வருஷம் பொம்மைகள் இருந்தன, சுண்டல் இருந்தது, பாட்டு இல்லை. பாட்டியோடு சேர்ந்தே பாடிப் பழகிய என் பெண்ணும் வாய் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் வந்தார். அவரும் கணவரை இழந்தவர். எங்கள் வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. "மாதாஜி எங்கே? அவர் பாட்டைக் கேட்கத்தானே மாடி ஏறி வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நேரே உள்ளே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து பாயில் உட்கார வைத்தார். அம்மா சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு பாடினார். இரண்டாம் அடியில் என் பெண்ணும் சேர்ந்துகொண்டாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் முதல் தாம்பூலம் அம்மாவுக்குத்தான். ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். மறு ஆண்டு எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை. அம்மாவுக்கு அதில் வருத்தமுண்டு. ஆனால் 2008-ல் கண் மூடும் வரை ஒரு நவராத்திரியிலும் அவர் பாடாமல் இருந்ததில்லை. அவரிடமிருந்து என் பெண் கற்ற பாட்டுகளில் பாதிக்கு மேல் 1996-க்குப் பிறகு கற்றவை. கதவு சாத்தியே இருந்திருந்தால் அவ்வளவும் அவரோடு போயிருக்கும்.

வழக்கத்தை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேலே சொன்ன நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்ற வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 2006-ல் அது மாறியது. எண்பது வயதைத் தாண்டிய பாறசாலை பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடினார். கலைமகளின் சந்நிதியில் ஒரு பெண் குரல் ஒலித்ததால் பண்டிகை குறைந்துவிடவில்லை.

ஆகவே படிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், பொம்மைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீடானால் அழைப்பதைச் சனி, ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலு வைக்கும் வழக்கம் இல்லாத குடும்பத்தினர் சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தை அடுக்கி ஒரு கிண்ணம் சுண்டலோடு அண்டை வீட்டாரை அழைக்கலாம். அழைப்பை மட்டும் குறைக்காதீர்கள். கீழ்வீட்டாரையும் எதிர்வீட்டாரையும் அழையுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டு உள்ளறையில் யாராவது ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.