மெருகு போன முடி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் 'காற்று ஆப்பு' என்று ஒரு சோதனை உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு முனையில் சேர்த்து வைத்து, மறுமுனையில் ஒரு தலைமுடியைச் செருகுவோம். இடையே ஆப்பு வடிவில் அமையும் காற்றுப் படலத்தின் மீது சோடிய விளக்கின் ஒளி பட்டால், மஞ்சளும் கருப்புமாக வரிகள் தோன்றும். அவ்வரிகளின் அகலத்தை நகரும் நுண்ணோக்கியால் அளந்து, முடியின் தடிமனைக் கணக்கிடலாம். முடிக்காக எங்கும் போக வேண்டியதில்லை; மாணவர் தம் தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் கொள்வார்.

சென்ற ஆண்டு ஒரு மாணவர் முன்நெற்றி முடியை மட்டும் பொன்னிறமாக வெளுத்துக்கொண்டு வந்திருந்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தகட்டின் மேல் நீட்டும்போதே அது இரண்டாக ஒடிந்தது. அடுத்ததும் அப்படியே. "சார், குளிக்கிறப்ப கொத்துக் கொத்தா கையோட வருது. பழையபடி ஆக என்ன தடவணும்?" என்று கேட்டார். 'முடிக்கு ஊட்டம்' தரும் களிம்பு ஒன்றை ஏற்கெனவே வாங்கித் தடவிப் பார்த்திருக்கிறார். பயனில்லை.

"தம்பி, அந்த முடி பழையபடி ஆகாது. ஆனால் புது முடி வளரும் வரைக்கும் அதைக் காப்பாற்றலாம்" என்றேன். ஏன் ஆகாது, எப்படிக் காப்பாற்றலாம் என்று அவருக்குச் சொன்னதையே இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

விருத்தாசலத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் பல பொருள்கள் இரண்டு முறை சூளைக்குப் போகின்றன. முதல் முறை சுட்டெடுத்ததைப் 'பிஸ்கட்' என்பர். அதை நாக்கால் தொட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள எண்ணற்ற நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதே காரணம். அதன் மேல் 'கிளேஸ்' எனப்படும் மெருகுக் குழம்பைப் பூசி மறுபடி சுட்டால், கண்ணாடி போன்ற படலம் படிந்து துளைகளை மூடிவிடும். பிறகு நீர் உள்ளே இறங்காது. மேலேயே உருண்டு ஓடும்.

முடிக்கும் இத்தகைய மெருகு ஒன்று உண்டு. முடியில் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பகுதி மட்டுமே. வெளியே நீண்டிருப்பது உயிரற்ற இழை. கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. புரதச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து, ஏணிப்படிகள் போல இணைத்து நிற்கின்றன. இந்த உள்ளிழையைச் சுற்றி, ஓட்டு வீட்டின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் ஐந்து முதல் பத்து அடுக்கு வரை படிந்துள்ளன. ஒரு செதிலின் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர். செதிலின் வெளிப்பரப்பில் ஒரு கொழுப்பு அமிலம், ஒரு மூலக்கூறு அளவே தடிமனான படலமாகப் பிணைந்திருக்கிறது. நீரை ஒட்டவிடாத இப்படலம்தான் முடியின் கிளேஸ்.

செதில்கள் இருப்பதை அறிய நுண்ணோக்கி தேவையில்லை. நீண்ட முடி ஒன்றைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே பிடித்து, விரல்களை நீளவாட்டில் முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். முடி ஒரே திசையில் நகர்ந்து செல்லும். எப்போதும் வேர் முனை முன்னே போகும். செதில்களின் விளிம்புகள் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதால், ஒரு திசையில் உராய்வு குறைவு, எதிர்த்திசையில் அதிகம். திருப்பதியிலும் பழநியிலும் திருத்தணியிலும் காணிக்கையாகும் முடியை வாங்கி டோபா செய்வோருக்கு இது நன்றாகத் தெரியும். வேரும் நுனியும் மாறாமல் கட்டிய முடிக்கே அங்கு உயர்ந்த விலை. தலைகீழாகக் கலந்துவிட்டால் செதிலோடு செதில் மாட்டிச் சிக்காகிவிடும்.

இனி வெளுத்தலுக்கு வருவோம். கருமைக்குக் காரணமான மெலனின் செதில்களுக்கு உள்ளே இருக்கிறது. எனவே வெளுக்கும் மருந்து ஓடுகளைத் தாண்டி உள்ளே போயாக வேண்டும். அம்மோனியா போன்ற காரம் முடியை உப்பவைத்து வழி திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு உள்ளே புகுந்து மெலனினைச் சிதைக்கிறது. புட்டியில் '20 வால்யூம்' என்று போட்டிருக்குமே, அதன் பொருள், ஒரு பங்கு திரவம் முழுதும் சிதைந்தால் இருபது பங்கு ஆக்ஸிஜன் வாயு வெளிவரும் என்பதாகும். அது ஏறத்தாழ 6 விழுக்காட்டுக் கரைசல். '40 வால்யூம்' என்பது 12 விழுக்காடு. கரும் மெலனின் முதலில் அழியும். செம்மை தரும் வகை எளிதில் அழியாது. ஆகவேதான் பொன்னிறம் கேட்டவருக்குப் பெரும்பாலும் செம்பட்டை கிடைக்கிறது. மறுபடியும் பூசச் சொல்கிறார்.

பெராக்ஸைடுக்கு மெலனின் எது, புரதம் எது என்ற பாகுபாடு கிடையாது. மேலே இருந்த கொழுப்புப் படலம் உரிந்து போகிறது. சாதாரணமாக வெளுத்தாலே கந்தகப் பிணைப்புகளில் 15 முதல் 25 விழுக்காடும், கடுமையாக வெளுத்தால் 45 விழுக்காடு வரையும் அறுந்து போகும் என ஆய்வாளர் கண்டுள்ளனர். அறுந்த இடங்களில் எதிர்மின்னேற்றமுள்ள தொகுதிகள் உண்டாகி நீரை இழுக்கின்றன. கருமுடியின் மேல் முத்தாக நிற்கும் நீர்த்துளி, வெளுத்த முடியில் பரவி உள்ளே போய்விடும். கிளேஸ் போய்ப் பிஸ்கட்டாகிவிட்டது.

நீர்தான் எதிரி

முடி ஈரத்தால் நீளும் என்பது பழைய செய்தி. 1783இல் சொஸ்ஸூர் என்ற ஜெனிவா அறிஞர் தாம் வெளியிட்ட நூலில் மனித முடியாலான ஈரமானியை விளக்கினார். வறண்ட நிலையிலிருந்து முழு ஈரத்துக்கு வரும்போது முடி நீளத்தில் சுமார் 2 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் குறுக்களவில் ஏறக்குறைய 15 விழுக்காடு உப்புகிறது. மெருகு போன முடி இன்னும் அதிகமாக உப்பும். குளிக்கும் போதெல்லாம் உப்பி, காயும் போதெல்லாம் சுருங்கினால் ஓடுகள் கிளம்பி உதிரத்தானே செய்யும்!

இன்னொன்றும் உண்டு. உலர்ந்த முடியின் வலிமையில் பெரும் பங்கு ஹைட்ரஜன் பிணைப்புகளுடையது. நனைந்தால் நீர் அவற்றைத் தளர்த்திவிடும். அப்போது சுமையைத் தாங்க வேண்டியவை கந்தகப் பிணைப்புகளே. அவற்றைத்தான் முன்பே அறுத்துவிட்டோம்! சலூன் கண்ணாடியின் முன் குறையொன்றும் தெரியாத முடி, வீட்டுக் குளியலறையில் கையோடு வருவதன் காரணம் இதுவே.

ஆகவே பராமரிப்பு என்பது ஊட்டுவதன்று. உயிரற்ற இழைக்குப் பசி ஏது? நீர் புகுவதையும் உராய்வையும் குறைப்பதே செய்யத்தக்கது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு இதில் தனி இடம் உண்டு. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் சங்கிலி குட்டையானது, நேரானது, முடிக்குள் புகக்கூடியது. மும்பையில் ரேலே, மொஹிலே என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டனர். வெளுத்த முடி உட்பட, புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அவர்கள் பணியாற்றியது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் எண்ணெய் உள்ளே புகுந்து முடி உப்புவதைக் குறைக்கிறது என்ற விளக்கம் பொருத்தமாகவே இருக்கிறது. குளித்த பின் மினுக்கத்துக்காகத் தடவுவதை விட, குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தடவி ஊறவிடுவது நல்லது.

தலையைக் கழுவியதும் கண்டிஷனர் பூசலாம். இதில் மாயமேதுமில்லை, மின்னியல்தான். அதன் மூலக்கூறுகள் நேர்மின்னேற்றம் உடையவை. முடியில் சேதம் மிகுந்த இடம் எதிர்மின்னேற்றம் உடையது. எங்கே புண்ணோ அங்கே தானாகவே போய் ஒட்டுகிறது. அடுத்த குளியலில் பெரிதும் கழுவிப் போய்விடுவதால் ஒவ்வொரு முறையும் பூச வேண்டும். சோப்பு வேண்டாம். அது காரம், மேலும் ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் சுண்ணச் சோப்பாகித் திரிந்து முடியில் படியும். சிகைக்காய் விரும்புவோர், கொதிக்கவைத்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்தலாம். தூளை அப்படியே தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்தது போலாகும்.

ஈரத்தலையைத் துண்டால் அடித்து உலர்த்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெளுத்த முடி அதைத் தாங்காது. ஒற்றி எடுக்க வேண்டும். அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும். ஈரம் காயுமுன் சூட்டு இடுக்கியை வைக்கவே கூடாது. காயாத பச்சைப் பாண்டத்தைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும்? உள்ளே நீராவி பொங்கி வெடிக்கும். முடிக்குள்ளும் அவ்வாறே குமிழிகள் உண்டாகி, அந்த இடத்தில் ஒடியும். வெயிலில் போகும்போது தலையை மூடிக்கொள்வதும் அவசியம். புற ஊதாக் கதிர்களைத் தடுத்துப் புரதத்தைக் காத்து வந்த மெலனின் இப்போது இல்லை.

மறுபடி வெளுப்பதை அறவே விட்டுவிட வேண்டும். உலோக உப்பு கலந்த கருஞ்சாயம் பூசிய தலையில் பெராக்ஸைடு பட்டால் சூடேறித் தோல் புண்ணாகவும் கூடும். வெளுக்கும் தூளிலுள்ள பெர்சல்ஃபேட் உப்புகளோ, நாள்தோறும் அதைக் கலக்கும் சலூன் தொழிலாளருக்கு ஆஸ்துமாவைத் தரவல்லவை. காற்றோட்டமில்லாத சிறிய கடைகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் மாணவரின் முன்முடி 9 செ.மீ. இருந்தது. முடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளரும். களிம்பை விட்டுவிட்டு எண்ணெய் தடவத் தொடங்கினார். மாதம் ஒருமுறை நுனியை நறுக்கி வந்தார். செய்முறைத் தேர்வு வந்தபோது, நுனியில் இரண்டு செ.மீ. மட்டும் செம்பட்டையாக எஞ்சியிருந்தது. தேர்வில் அவருக்குக் காற்று ஆப்புச் சோதனையே வந்தது. முன்முடியில் ஒன்றைப் பிடுங்கி, செம்பட்டை நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, கருப்புப் பகுதியைத் தகடுகளுக்கிடையே வைத்தார். ஒடியவில்லை.