டப்பாவில் ஏன் இரண்டு துளை?

சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டம் குகையில் சமணத் துறவிகளுக்கென 17 கற்படுக்கைகளைச் செதுக்கியது உளியின் கூர்முனை. பால் டப்பாவைத் துளைக்கும் சின்னக் கருவியும் அதே கூர்மையைத்தான் நம்புகிறது. தகர டப்பாவுக்கு இங்கிலாந்தில் 1810-இல் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் பல்லாண்டுகள் அதைத் திறந்ததும் உளியும் சுத்தியலும்தான்!

கருவியின் கொக்கியை டப்பாவின் விளிம்புக்கு அடியில் மாட்டிக் கைப்பிடியைத் தூக்குங்கள். கடப்பாரையால் கல்லை நெம்புவது போலத்தான். கைப்பிடி 10 செ.மீ., மூக்கு 1 செ.மீ. என்றால் விசை பத்து மடங்காகும். கை கொடுப்பது 2 கிலோ. மூக்கில் இறங்குவது 20 கிலோ. அதுவும் ஒரு சதுர மில்லிமீட்டர் முனையில்! சதுர சென்டிமீட்டருக்கு 2,000 கிலோ அழுத்தம். தகரம் எப்படித் தாங்கும்?

சரி, இரண்டாவது துளை எதற்கு? பால் வெளியேறினால் உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று அதே துளையில் முட்டிக்கொண்டு நுழையும். அதனால்தான் ‘குபுக் குபுக்’ என்று விட்டுவிட்டுக் கொட்டுகிறது. எதிர்ப்பக்கத் துளை காற்றுக்குத் தனிவழி.

எண்ணெய் டின்னுக்கும் இதேதான். ஊற்றும் துளைக்கு நேரெதிரே, விளிம்பை ஒட்டி இன்னொன்று போடுங்கள். எண்ணெய் சீராக இறங்கும்.