பட்டாளத்துப் பெரியப்பா

ராணுவம் என்றதும் நமக்குத் துப்பாக்கிதான் ஞாபகம் வருகிறது. மருந்துப் பையைத் தோளில் மாட்டிக் கொண்டு, அதே குண்டு மழையில் ஓடியவர்களும் உண்டு. சமீபத்தில் தமது 85-வது வயதில் காலமான என் பெரியப்பா அவர்களில் ஒருவர்.

எங்களுடையது வேலூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்கு ஒரு பிள்ளை பட்டாளத்துக்குப் போவது அங்கே சகஜம். பெரியப்பா 1958-ல் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். லக்னோவில் பயிற்சி. டாக்டர் அல்ல; 'நர்ஸிங் அஸிஸ்டென்ட்'. காயம் கட்டுவது, ஊசி போடுவது, ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்ப்பது எல்லாம் அவர் வேலை.

1971 டிசம்பர் 3 முதல் 16 வரை யுத்தம் நடந்தபோது கிழக்கு எல்லையில் இருந்தார். '99 ஏ.பி.ஓ.' என்பதுதான் விலாசம். எந்த ஊர் என்று பெரியம்மாவுக்கே தெரியாது. மூன்று குழந்தைகளை வைத்துக் கொண்டு, தபால்காரர் தெருமுனை திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவாராம். "கடுதாசி வந்தா நல்லது, தந்தி வந்தா கெட்டது. எனக்குத் தெரிஞ்ச மிலிட்டரி அவ்ளோதாம்மா" என்பார்.

1979-ல் ஓய்வு பெற்று, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பினார் பெரியப்பா. யுத்தக் கதை கேட்டால் பேச்சை மாற்றி விடுவார். ஒரே ஒரு தடவை சொன்னார்: "பத்து பேரைக் கொண்டாந்து போட்டா, கத்தறவன்கிட்ட முதல்ல போகக் கூடாது. கத்தறான்னா மூச்சு இருக்குன்னு அர்த்தம். சத்தமே போடாம கெடக்கறான் பாரு, அவன்கிட்டதான் முதல்ல ஓடணும்." அப்படி ஓடியும் காப்பாற்ற முடியாத ஒரு பையனைப் பற்றி ஆரம்பித்தார். முடிக்கவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

1984 கோடையில் ஓர் இரவு, பக்கத்து வீட்டு எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று பாட்டி தாய்ப்பாலைக்கூட நிறுத்தியிருந்தார். "அழுவுதா?" என்று கேட்டார் பெரியப்பா. "இல்லீங்க, சாயங்காலத்துலேருந்து சத்தமே இல்லே." அந்தப் பதிலில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது. உடனே வண்டி கட்டச் சொன்னார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்து, குழந்தை விழுங்குகிறதா என்று பார்த்தார். ஆஸ்பத்திரி போகும் வரை வழியெல்லாம் ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக் கொண்டே போனார். குழந்தை பிழைத்தது. இன்று அவளே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

மறுநாள் அந்தப் பாட்டிக்கு 1971-ன் இன்னொரு கதையைச் சொன்னார். வங்காள அகதிகள் வந்து குவிந்த போன்காவ் முகாமில் காலரா. ஸலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுகோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து, தாய்மார்களையும் உறவினர்களையுமே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது! 2023-ல் அந்த டாக்டருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. பெரியப்பா பேப்பரைப் பத்திரமாக மடித்து வைத்துக் கொண்டார்.

இளம் தாய்மார்கள் இதைக் குறித்துக் கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசமாகவே கிடைக்கிறது. பாக்கெட்டில் போட்டுள்ள அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் கைவசம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

பட்டாளத்தில் கற்ற பாடத்தைப் பெரியப்பா வீட்டிலும் விடவில்லை. பெரியம்மா என்றைக்காவது புலம்பாமல் சமையல் செய்தால் போதும், அடுப்படிக்கே வந்து கையைப் பிடித்து நாடி பார்ப்பார். "சத்தம் போடாதவங்களைத்தான் முதல்ல கவனிக்கணும்" என்பார்.