கூடாரத்திலிருந்து குட்டி ட்ரெயிலருக்கு: எதை வாங்குவது, எப்படித் தெரிவு செய்வது?

கூடாரத்தில் தங்கியது போதும் என்று தீர்மானித்த குடும்பங்கள் நேரே ட்ரெயிலர் விற்கும் வளாகத்துக்குப் போகின்றன. ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, மெத்தையில் உட்கார்ந்து பார்த்து, ஃபிரிட்ஜைத் திறந்து மூடி, பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் “எங்கட வான் இதை இழுக்குமா?” என்ற கேள்வி வருகிறது. விற்பவர் “இழுக்கும்” என்பார். அநேகமாக இழுக்கவும் செய்யும். ஆனால் அதைச் சுமந்துகொண்டு 401 நெடுஞ்சாலையில் நேராக ஓடுவதும், சிவப்பு விளக்கில் நிற்பதும் வேறு விஷயம்.

ஒன்ராறியோவில் கோடை வந்தால் அல்கோன்குவின், கில்பேர், சாண்ட்பாங்ஸ், பைனரி என்று பூங்காக்களுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது கூடாரம் அடித்துப் பழகியவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. முழங்கால் முறைப்பாடு செய்கிறது. கூட வரும் அம்மம்மாவால் நிலத்தில் படுத்து எழும்ப முடியவில்லை. அடுத்த கட்டமாகக் கண்ணில் படுவதுதான் சிறிய ட்ரெயிலர். எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் தொல்லையைத் தீர்க்கக்கூடியவற்றில் ஆகச் சிறியதை வாங்குங்கள்.

அதற்கு முதலில் தொல்லை எது என்று தெரிய வேண்டும். நிலத்தின் ஈரமும் முதுகு வலியும்தான் என்றால் நிலத்திலிருந்து உயர்ந்த ஒரு படுக்கை போதும். இரவில் கழிப்பறைக்கு நடப்பதுதான் என்றால் அது வேறு ட்ரெயிலர். செப்டம்பர் கடைசியில் இலைநிறம் பார்க்கப் போய்க் குளிரில் நடுங்கியதுதான் என்றால் கெட்டிச் சுவரும் ப்ரொப்பேனில் ஓடும் ஃபேர்னஸும் வேண்டும். மூன்றும் வேண்டும் என்பவர்கள் நீளத்திலும் எடையிலும் விலையிலும் ஏறிக்கொண்டே போக வேண்டியதுதான்.

கதவில் இருக்கும் கணக்கு

வானின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், சட்டத்தில் டயர் காற்றழுத்தம் எழுதிய ஒட்டுத்தாள் ஒன்று தெரியும். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். விளம்பரங்களில் வரும் “இழுக்கும் திறன்” எல்லோருக்கும் தெரியும். இந்த எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் முட்டுவது இதுதான்.

டொயோட்டா சியென்னா, ஹொண்டா ஒடிசி போன்ற மினிவான்களின் இழுக்கும் திறன் 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ. பெற்றோலில் ஓடும் ஹைலாண்டர், நான்கு சக்கரமும் இயங்கும் பைலட் போன்றவற்றுக்கு 5,000 இறாத்தல். சாதாரண சிஆர்-வி, ராவ்4 என்றால் 1,500 இறாத்தலை ஒட்டித்தான். ஒரே பெயர், ஒரே ஆண்டு வாகனத்திலும் இது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அண்டை வீட்டுக்காரரின் வாகனத்தை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் வாகனத்தின் கையேட்டையே பாருங்கள்.

இனி ட்ரெயிலரின் எடை. விற்பனைத் தாளில் பெரிதாக அச்சிட்டிருப்பது வெற்று எடை. 1,130 கிலோ என்று போட்டிருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பற்றரிக்கு 25 கிலோ. நிரப்பிய ப்ரொப்பேன் சிலிண்டர் ஒன்றுக்கு 17. தண்ணீர்த் தாங்கியில் 80 லீற்றர் நிரப்பினால் அது 80 கிலோ. படுக்கை, பாத்திரம், கதிரை, அரிசி பருப்பு, சாமான் சட்டி என்று ஒரு 130 சேர்த்தால் 1,382 வந்துவிடுகிறது. 1,400 என்றே வைத்துக்கொள்ளலாம். 1,588க்குள்தானே இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் இன்னொரு கணக்கு உண்டு.

ட்ரெயிலர் தன் முழு எடையையும் தன் சக்கரத்தில் வைத்துக்கொள்வதில்லை. அதில் 10 முதல் 15 சதவீதம் வானின் பின்னால் உள்ள கொக்கியின் மேல் இறங்கும். அப்படி இறங்கத்தான் வேண்டும். 12 சதவீதம் என்று வைத்தால் 168 கிலோ. கதவுத் தாளில் 500 கிலோ என்று இருந்து, தலா 75 கிலோவில் பெரியவர்கள் இருவரும் தலா 40 கிலோவில் பிள்ளைகள் மூவரும் ஏறினால் 270 கிலோ. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 62 கிலோ. கொக்கிச் சட்டம், இரண்டு கூலர், ஒரு சைக்கிள் என்றதும் அதுவும் முடிந்துவிடும். அம்மம்மா வந்தால் கணக்கு இடிக்கும்.

இதைச் சமாளிக்கப் பலர் செய்யும் ஒரு வேலை ஆபத்தானது. கொக்கியின் மேல் பாரம் குறையட்டும் என்று பாரமான பொருட்களை ட்ரெயிலரின் பின்பக்கம் ஏற்றுகிறார்கள். முன்பாரம் குறைந்த ட்ரெயிலர், வேகம் கூடும்போதும் பெரிய லொறி ஒன்று முந்திப் போகும்போதும் வாலை ஆட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். தண்ணீர்த் தாங்கியைப் பூங்காவுக்குப் போய் நிரப்புவது, பாரமானவற்றைச் சில்லுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ வைப்பது, இவைதான் சரியான வழி.

சட்டம் இதில் அவ்வளவு சிக்கலாக இல்லை. ஒன்ராறியோவின் சாதாரண ஜி உரிமத்தோடு 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை இழுக்கலாம். 1,360 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும். மின்சார பிரேக் என்றால் அதை இயக்கும் கருவியை வானுக்குள் பூட்ட வேண்டும். ஓடும்போது ட்ரெயிலருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் கேட்பார்கள், கூடாது.

எத்தனை வகை

கூடாரத்துக்கு மிக அருகில் இருப்பது மடக்கும் ட்ரெயிலர். ஓடும்போது தட்டையாக இருக்கும். நிறுத்தி மேலே உயர்த்தினால் துணிச் சுவரும் இரு பக்கமும் நீளும் படுக்கைகளும் வெளிவரும். ஐந்தாறு பேர் படுக்க இதைவிட மலிவான வழி இல்லை. காற்றுத் தடையும் குறைவு. குறை என்னவென்றால், மழையில் மடக்கினால் வீட்டுக்கு வந்து திரும்ப விரித்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். கூடாரத்தில் உங்களை வெறுக்கவைத்தது அந்த வேலைதான் என்றால் இதை வாங்காதீர்கள். மேற்கே போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: பான்ஃப் தேசியப் பூங்காவில் லேக் லூயிஸ் முகாமில் துணிச் சுவர் உள்ளவற்றுக்கு, கரடிகளுக்காக மின்வேலி போட்ட தனிப் பகுதி இருக்கிறது. மடக்கும் ட்ரெயிலரும் அங்கே கூடாரக் கணக்குத்தான். அமெரிக்காவின் யெலோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமுக்குள் துணிச் சுவர் உள்ள எதையும் விடுவதில்லை.

கண்ணீர்த்துளி வடிவில் வரும் குட்டி ட்ரெயிலர் இருவருக்கு. உள்ளே படுக்கை மட்டும். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. சிறிய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு நல்ல தெரிவு, மழை நாட்களைத் தவிர. கூரை முக்கோணமாக எழும் கெட்டிச் சுவர் ட்ரெயிலர்களும் உண்டு. இருவரும் ஒரு பிள்ளையும் தாராளமாகத் தங்கலாம்.

என் மனம் போவது முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் ட்ரெயிலர்களிடம். இது கனடாவுக்குச் சொந்தமான கதையும்கூட. வினிபெக்கில் ஃபைபர்கிளாஸில் இலேசான கழிவுத் தொட்டி வடிவமைத்த ரே ஒலெக்கோ, அதே முறையில் ட்ரெயிலரும் செய்யலாமே என்று 1968இல் உருவாக்கியதுதான் போலர். 13 அடி நீளம், வெறுமையாக 400 கிலோ அளவில் எடை. மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று என அச்சில் வார்த்து இடுப்பில் இணைத்தார்கள். போலர் நிறுவனம் 1980களோடு முடிந்துவிட்டாலும் அந்த ட்ரெயிலர்கள் இன்றும் தெருவில் ஓடுகின்றன. அதே பரம்பரையில் மினசோட்டாவில் ஸ்காம்ப், டெக்சஸில் காசிட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்லிவாக்கில் எஸ்கேப் என்று இன்றும் செய்கிறார்கள்.

இவை நீண்ட காலம் நிலைப்பதற்குக் காரணம் மூலைகளில் மூட்டு இல்லாததுதான். வழக்கமான ட்ரெயிலரில் மரச் சட்டத்தின் மேல் தகடோ ஃபைபர்கிளாஸ் பலகையோ பொருத்தி, கூரை ஓரங்களையும் மூலைகளையும் பசையால் அடைக்கிறார்கள். வட அமெரிக்காவின் ட்ரெயிலர்களில் பெரும்பான்மை இன்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் இப்படித்தான் உருவாகிறது. வெயிலிலும் பனியிலும் அந்தப் பசை வெடிக்கும். ஆண்டுதோறும் ஏணி வைத்து ஏறிப் பார்த்துப் பூசாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் மரத்தை உக்க வைக்கும். முட்டை ட்ரெயிலரிலும் யன்னல் ஓரமும் கூரைத் துவாரமும் ஒழுகலாம், ஆனால் தேட வேண்டிய இடங்கள் குறைவு. விலைதான் கூட, பழையது வாங்கினாலும் பேரம் படிவது கடினம்.

பழைய ட்ரெயிலர் எதுவானாலும் மூக்கோடு போங்கள். கதவு திறந்ததும் ஊறல் மணம் அடித்தால் திரும்பி வந்துவிடலாம். அலுமாரிகளின் மேல் மூலைகளில் டார்ச் அடித்துக் கறை தேடுங்கள். வாசலருகிலும் மூலைகளிலும் தரையைக் காலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்றால் அடியில் மரம் போய்விட்டது. வெளிச்சுவர் அலையலையாக உப்பியிருந்தாலும் அதே கதைதான். டயர் புதிதுபோல் இருக்கிறது என்பதை நம்பாதீர்கள்: ஓரத்தில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. அதிகம் ஓடாத ட்ரெயிலர் டயர் தேய்வதற்கு முன் வயதினால் வெடிக்கும்.

கழிப்பறை, அடுப்பு, படுக்கை

சின்ன ட்ரெயிலரில் கழிப்பறையும் ஷவரும் ஒரே அலுமாரிக்குள் இருக்கும். குளித்தால் எல்லாம் நனையும். அந்த அலுமாரி இரண்டு பிள்ளைகள் படுக்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் மின்சாரம் உள்ள இடங்கள் உண்டு. ஆனால் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பொதுவாக ஒவ்வொரு இடத்துக்கும் தருவதில்லை. கழிவுத் தொட்டியைத் திரும்பும் வழியில் அதற்கான நிலையத்தில் நிறுத்தி, வரிசையில் நின்று, நீங்களேதான் குழாய் மாட்டிக் காலி செய்ய வேண்டும். குளியலறைக் கட்டடம் உள்ள பூங்காக்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கு, இரவுக்குக் கையடக்கக் கழிப்பறை ஒன்றே போதும் என்பது என் கருத்து.

அடுப்பு உள்ளே இருந்தாலும் சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இறால் பொரித்தால் அந்த வாசம் அடுத்த மே மாதம் வரை குஷன்களில் தங்கும். குளிருக்காகக் கரி அடுப்பையோ பார்பிக்கியூவையோ ஒருபோதும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்; கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. அதைக் கண்டறியும் கருவி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அழுத்திப் பாருங்கள்.

“ஆறு பேர் படுக்கலாம்” என்று விற்பனைத் தாள் சொன்னால், சாப்பாட்டு மேசையை இரவுதோறும் படுக்கையாக மாற்ற வேண்டும் என்று பொருள். காலையில் முதலில் எழும்புபவருக்கு உட்கார இடமிருக்காது. குடும்பம் முழுவதையும் உள்ளே அடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒன்ராறியோ பூங்காக்களில் ஓர் இடத்தில் மூன்று தங்குமிடங்கள் வரை போடலாம்; அவற்றில் ஒன்று மட்டுமே ட்ரெயிலராக இருக்கலாம். பெரியவர்கள் ட்ரெயிலரில், பிள்ளைகள் பக்கத்தில் பழைய கூடாரத்தில். பதின்ம வயதுப் பிள்ளைகள் இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வதில்லை.

வாங்கும் விலையோடு செலவு முடியாது. பல நகரசபைகளின் துணைவிதிகள் வீட்டு முன் ட்ரைவ்வேயில் ட்ரெயிலர் நிறுத்துவதைக் கட்டுப்படுத்துகின்றன. டவுன்ஹவுஸ் நிர்வாகங்கள் அனேகமாக விடவே மாட்டா. அப்போது நிறுத்த இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். பனி விழுமுன் குழாய்களில் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்து, ட்ரெயிலருக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஓடவிட வேண்டும். மறந்தால் வசந்தத்தில் குழாய் வெடித்திருக்கும். தண்ணீர் வசதியே இல்லாத குட்டி ட்ரெயிலருக்கு இந்த வேலை இல்லை என்பதும் ஒரு ஆதாயம்.

பின்னோக்கி ஓட்டுவதைப் பள்ளிக்கூட வாகனத் தரிப்பிடம் ஒன்றில் ஞாயிறு காலை பழகிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்து, ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். குட்டை ட்ரெயிலர் நீளமானதைவிடச் சட்டென்று மடங்கும், ஆகவே மெதுவாக.

எல்லாம் பார்த்து முடிவு செய்த பிறகும் உடனே பணம் கட்ட வேண்டாம். நீங்கள் நினைக்கும் அதே அளவில் ஒன்றை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் போய் வாருங்கள். தொழிலாளர் தினம் முடிந்ததும் பூங்காக்களில் கூட்டம் குறைந்துவிடும். மழை பெய்யும் என்று வானிலை அறிக்கை சொல்லும் வார இறுதியாகப் பார்த்து எடுங்கள்.