ஒரே பீட், பல குரல்: டான்ஸ்ஹால் கூட்டு வெளியீட்டில் யாருக்கு என்ன பங்கு?

இசையமைப்பாளர் ஒருவர் பீட் போடுகிறார். அதே பீட்டுக்கு ஏழெட்டுப் பேர் தனித்தனியே வரி எழுதிப் பாடுகிறார்கள். பாட்டுகள் எல்லாம் ஒரே தொகுப்பாக வெளிவருகின்றன. ஜமைக்காவின் ரெக்கே, டான்ஸ்ஹால் உலகில் இதை ‘ரிடிம்’ என்பார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கானாவும் ராப்பும் பாடும் இளைஞர்களுக்கு இந்த முறை கைகொடுக்கும். ஆனால் கணக்கை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

எப்படி வளர்ந்தது?

1985-ல் கிங் ஜாமி தயாரிப்பில் வெய்ன் ஸ்மித் பாடிய பாட்டிலிருந்து ‘ஸ்லெங் டெங்’ ரிடிம் பரவியது. கேசியோ கீபோர்டிலேயே பதிந்திருந்த தாளம் அது. வாத்தியக் குழு இல்லாமலே பாட்டு போடலாம் என்றானதும் செலவு சட்டெனக் குறைந்தது. ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டனின் கைத்தட்டல் தாளத்துக்குப் பெயரே ‘திவாலி’ ரிடிம். அதில் ஷான் பால் பாடிய பாட்டு 2003-ல் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே தாளத்தில் பாடிய வெய்ன் வொண்டரும் லுமிடீயும் உலகெங்கும் கேட்கப்பட்டார்கள்.

புதியவர்களுக்கு லாபம் இங்கேதான். பீட் ஒன்று என்பதால் டிஜே ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தடையின்றித் தாவுவார். பிரபலமானவரைக் கேட்க வந்த கூட்டம் அறிமுகப் பாடகரையும் கேட்டுவிடும்.

நமக்குப் புதிதா?

இல்லை. தெரிந்த மெட்டில் புது வரி கட்டிப் பாடுவது கானாவில் பழைய வழக்கம். ரெக்கே சாயல் 1992-ல் ‘ரோஜா’வின் ‘சின்னச் சின்ன ஆசை’யிலேயே வந்துவிட்டது. 1996-ல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்துக்காக பர்மிங்காம் டான்ஸ்ஹால் பாடகர் அப்பாச்சி இந்தியனை ஏ.ஆர்.ரகுமான் பாடவைத்தார். 2018-ல் இயக்குநர் பா.இரஞ்சித் ஆதரவில், டென்மா இசையில், கானா, ராப், ராக் பாடுவோர் ஒரே மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கூட்டு முயற்சிக்கு நல்ல முன்னுதாரணம். அதில் வெளிச்சத்துக்கு வந்த அறிவு, அம்பத்தூர், ஆவடியைத் தாண்டிப் போகும் ரயில் பாதையில் உள்ள அரக்கோணத்துக்காரர்.

சிக்கல் எங்கே?

2021-ல் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டில் யாருக்கு எவ்வளவு பெயர் என்ற விவாதம் எழுந்தது. தனக்கும் அதைப் பாடிய தீ, அறிவு இருவருக்கும் அதிலிருந்து வருமானம் வரவில்லை என்று 2024-ல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். உலகமே பார்த்த பாட்டுக்கே இந்த நிலை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும்படி ஒப்பந்தம் போட முடியாது என்கிறது அச்சட்டத்தின் 2012 திருத்தம். ராயல்டியை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. உறுப்பினராகச் சேர வேண்டும்.

ரிடிம் தொகுப்புக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பீட் ஒன்றாக இருப்பதால் யூடியூபில் உரிமையைத் தானாகச் சரிபார்க்கும் கன்டென்ட் ஐடி ஒருவர் பாட்டை இன்னொருவருடையது என்று பிடித்துவிடலாம். அதனால் தொகுப்பு முழுவதும் ஒரே கணக்கிலிருந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற தனி அடையாள எண்ணோடு வெளியாவது நல்லது.

பீட் யாருடையது, வரி யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம், போஸ்டரில் யார் பெயர் எங்கே என்பதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். மைக் முன்னால் நிற்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.